கழுவாமல் விட்ட கிளிசரின்

எனக்கிருந்த படிப்புத் திமிர் முழுவதும் அண்ணன் கடலுக்குள் மூச்சுப் பிடித்து வாங்கித் தந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்பா இறந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அண்ணன் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டிருந்தான். முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்தது, எங்கள் ஆட்களுக்கு மிச்சமிருந்தது சங்குதான். கல்லில் காலை வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்கி, தரையைத் தடவிச் சங்கெடுத்து மேலே வருவான். அப்படி அவன் படிக்கவைத்துத்தான் நான் வேதியியலில் பட்டம் வாங்கினேன், தூத்துக்குடியிலேயே ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். எங்கள் தெருவிலிருந்து படித்து வேலைக்குப் போன முதல் பெண் நான். அதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை, தெருவையும் மறக்க விட்டதில்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அம்மா, அண்ணன், மைனி, நான். மைனி என்பது அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். மணப்பாட்டிலிருந்து வந்தவள், என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். நான் பேசுவதை வாய் பார்த்துக் கேட்பாள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சங்கு குளிக்கிறவனுக்குக் கையும் காலும் இருந்தால் மட்டும் போதாது, காது வேண்டும். ஆழத்தில் தண்ணீர் காதைப் போட்டு அழுத்தும். அண்ணனுக்குச் சீசன் தொடங்கினால் காதுவலியும் கூடவே தொடங்கிவிடும். டிஸ்பென்சரியில் மருந்து கலந்த கிளிசரின் ஒரு சின்னப் புட்டியில் கொடுப்பார்கள். மைனி அதைக் கரண்டியில் ஊற்றி லேசாகச் சூடுகாட்டி, விரலில் தொட்டுப் பார்த்து, இரண்டு சொட்டு விட்டுப் பஞ்சை அடைப்பாள். மறுநாள் அண்ணன் கடலுக்குப் போய்விடுவான். குளிகாரர்கள் வீடு எல்லாவற்றிலும் இந்தப் புட்டி இருந்தது.

எழுபதுகளின் நடுவில் டீசல் தட்டுப்பாடு வந்தது. காற்று விழுந்த நாட்களில் குளிகாரர்களின் வள்ளங்களைக் கயிறு கட்டி, சங்கு கிடக்கும் கடலடிப் பாருக்கு இழுத்துப் போக ஒரு லாஞ்ச் இருந்தது. அதன் டிரைவர் காயல்பட்டினத்துக்காரர். அங்குள்ள முஸ்லிம்கள் மூத்த சகோதரரைக் காக்கா என்பார்கள், நாங்களும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டோம். டீசல் இல்லாமல் லாஞ்ச் நிற்க, காற்று இல்லாமல் வள்ளம் நிற்க, அண்ணன் கரையில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகையில் நான் படித்தது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. தாவர எண்ணெயை மெத்தில் ஆல்கஹாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கினால் அது இளகி, டீசல் எஞ்சினில் எரிகிற பதத்துக்கு வருமாம். துறைத் தலைவியிடம் ஆராய்ச்சி என்று சொல்லி அந்த ஆல்கஹாலுக்கு, அதாவது ஸ்பிரிட்டுக்கு, அனுமதி வாங்கினேன். கல்லூரியில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மைனிக்கு நான் பாடம் எடுத்தது இப்படித்தான். "ஒரு ஆளு மூணு மூட்டையைத் தூக்கிட்டு நிக்கான்னு வையிங்க மைனி. அதுதான் எண்ணெய். ஸ்பிரிட்டு வந்து ஆளுக்கொரு மூட்டையா வாங்கிக்கிடும். மூட்டையெல்லாம் மேல மிதக்கும், அது எஞ்சினுக்கு. சுமந்த ஆளு வெறுங்கையோட அடியில போயி உக்காந்துக்கிடுவான்."

"அந்த ஆளு பேரு என்ன?"

"கிளிசரின்."

"நம்ம காதுக்கு ஊத்துத கிளிசரினா?" என்று மைனி கண்ணை விரித்தாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு அது பாடம், அதனால் சரியான பதில்.

முதலில் புன்னை எண்ணெயில் முயன்றேன். வள்ளத்துக்குப் பூசுகிற எண்ணெய், ஊரில் எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் அமிலம் ஏராளம். காஸ்டிக் அத்தனையையும் அந்த அமிலமே தின்றுவிட, வாளி நிறையப் பச்சையாகக் களி மாதிரி சோப்பு திரண்டு நின்றது. அம்மா அதைப் பார்த்து, "படிச்சு முடிச்சு வண்ணான் வேலைக்கா போற?" என்று கேட்டாள். பிறகு எண்ணெய் ஆலையில் கொப்பரை ஆட்டும் தொட்டியின் அடியில் தங்கிய கசண்டுத் தேங்காய் எண்ணெயை வாங்கி, துணியில் வடிகட்டி, சூடேற்றித் தண்ணீர் போக்கி, சமையல் குசினிக்குப் பின்னால் வைத்துக் கலக்கினேன். ஒரு மணி நேரத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிந்த எண்ணெய், கீழே தேன் நிறத்தில் கெட்டியாக ஒன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மைனியும் சேர்ந்து அழுதாள், எதற்கென்று தெரியாமலே.

மேலே நின்றதை அப்படியே எஞ்சினில் ஊற்ற முடியாது. அதில் காஸ்டிக்கும் சோப்பும் ஸ்பிரிட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அவசரத்தில் முதல் தடவை நான் டின்னைக் குலுக்கிவிட்டேன். எண்ணெயும் தண்ணீரும் சோப்பும் ஒன்றாகி மோர் போல வெளுத்து, ஒரு பகல் முழுக்கப் பிரியாமல் நின்றது. உப்பு விளையும் ஊரில் பிறந்தவளுக்கு உப்பு ஞாபகம் வராமலா போகும், ஒரு கை உப்பைக் கரைத்து விட்டேன். மோர் திரிந்து எண்ணெய் மேலே வந்தது. ஆனால் உப்பு தங்கினால் எஞ்சினை அரித்துவிடும் என்று அடுத்தடுத்துக் கழுவ நல்ல தண்ணீர் தேவைப்பட்டது.

தூத்துக்குடியில் நல்ல தண்ணீர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும். மைனி குழாயடியில் நின்று பிடித்துவந்த குடங்களை நான் ஒவ்வொன்றாகச் சாய்த்தேன். முதல் தண்ணீர் பால் மாதிரி இறங்கியது. இரண்டாவது கலங்கல். நான்காவது தெளிவாக வந்தது. இறங்கிய தண்ணீரில் ஒவ்வொரு தடவையும் பினாப்தலின் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். காரம் இருந்தால் ரோஸ் நிறம் காட்டும். நான்காம் தண்ணீரில் நிறமே இல்லை. அத்தனை கவனம் மேலே நின்றதற்குத்தான். கீழே தேன் நிறத்தில் நின்றதை முதலிலேயே ஒரு வெள்ளைப் புட்டியில் வடித்து, தாள் ஒட்டி, "கிளிசரின்" என்று என் கையெழுத்தில் எழுதி, குசினி அலமாரியில் வைத்தேன். மாணவிகளுக்குக் காட்டலாம் என்று எண்ணம். அதைக் கழுவவில்லை, சோதிக்கவில்லை. எனக்கு அது கழிவு, கழிவுக்கு எதற்குப் பரீட்சை.

சனிக்கிழமை காலையில் காக்கா லாஞ்சின் டாங்கில் பாதிக்கு என் எண்ணெயை ஊற்றி ஸ்டார்ட் செய்தார். இரண்டு தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகையில் தேங்காய் எண்ணெய் வாடை. "என்ன தங்கச்சி, எஞ்சினுக்குள்ள யாரு முறுக்குச் சுடுதது?" என்று காக்கா சத்தம் போட்டார். கரையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "எந் தங்கச்சியாக்கும்" என்றான். அவரும் எங்கள் தெருதான், பிறந்ததிலிருந்து என்னைத் தெரியும்.

திங்கட்கிழமை லாஞ்ச் கிளம்புவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா அப்படியே மாப்பிள்ளையூரணியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணனுக்கு இடது காது குத்த ஆரம்பித்தது. முன்வீட்டில், குசினிக்கு அடுத்த முன்னறையில், பாயை விரித்து, காதைக் கையால் பொத்திக்கொண்டு படுத்தான். டிஸ்பென்சரிப் புட்டி தீர்ந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சரியும் கிடையாது. நான் குசினியில் உட்கார்ந்து, அடுத்த தடவை எவ்வளவு எண்ணெய், எவ்வளவு ஸ்பிரிட் என்று தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். மைனி என் வெள்ளைப் புட்டியை எடுத்து வந்து முன்னால் நீட்டினாள்.

"ஏளா, இது அந்தக் கிளிசரின்தான? அவுகளுக்கு ரெண்டு சொட்டு விடட்டா?"

நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதேதான் மைனி. கடையில விக்கிறதும் இதுதான். காசு குடுத்து வாங்குனாத்தான் மருந்தா?"

அவள் கரண்டியைச் சூடுகாட்டும் சத்தம் கேட்டது. முன்வீட்டுக்குப் போனாள். அடுத்து நான் கேட்டது அண்ணன் கத்திய சத்தம். மூச்சைப் பிடித்துப் பழகியவன், வலிக்கு வாயைத் திறக்காதவன், அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஓடினேன். பாயில் புரண்டுகொண்டிருந்தான். புட்டியைத் தொட்ட மைனியின் விரலை நான் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. சோப்புக்கும் காஸ்டிக்குக்கும் உள்ள வழவழப்பு. எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. கழுவணும், தண்ணீர் கொண்டாங்க என்று கத்தினேன். மைனி குடத்தைச் சாய்த்தாள். அரைச் செம்புகூடத் தேறவில்லை. நல்ல தண்ணீர் அத்தனையும் என் எண்ணெயைக் கழுவிப் போயிருந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தாலும் கழுவும், அப்போது அதுவே போதும். அது எனக்குத் தெரியும். ஆனால் வெந்த காதில் உப்புத் தண்ணீரா என்று மைனி குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், நான் தடுக்கவில்லை. கிணற்று வாளியைத் தொடாமல் நின்றேன். அவள் திரும்பி வந்து ஊற்றுவதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன ஊற்றினீர்கள், அந்தப் புட்டியைக் கொண்டுவாருங்கள் என்றார். எடுத்துவர நான்தான் வீட்டுக்கு ஓடினேன். குசினியில் அது கரண்டி பக்கத்தில் நின்றது, என் கையெழுத்தோடு. தாளின் ஓரத்தில் நகத்தை விட்டுக் கிழித்தேன். மிச்சம் ஒட்டியிருந்ததை எச்சில் தொட்டுத் தேய்த்து எடுத்தேன். இதை நான் பதற்றத்தில் செய்யவில்லை. வேலை போய்விடும், துறைத் தலைவி முகத்தில் எப்படி முழிப்பேன், தெரு என்ன பேசும் என்று எல்லாவற்றையும் வரிசையாக யோசித்துக்கொண்டேதான் கிழித்தேன்.

டாக்டர் ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். "இது காரமாச்சே. காதுல ஏற்கெனவே சவ்வு ஓட்டையா இருந்திருக்கு, நேரா உள்ள போயிருக்கு. இதை யார் குடுத்தது?"

மைனி என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

"கல்லூரி வேலைக்குன்னு வச்சிருந்தது டாக்டர்," என்றேன். "என்னன்னு கேக்காம எடுத்து ஊத்திட்டாங்க."

மைனியின் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை, நான் சொன்னது அவளுக்கு உறைக்க நேரமானது. பிறகு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "ஆமா டாக்டர், நாந்தான் கேக்காம எடுத்தேன்," என்றாள்.

மறுநாள் அந்தப் புட்டியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். மாணவிகள் வருவதற்கு முன் ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்து பினாப்தலின் விட்டேன். பீட்ரூட் அவித்த தண்ணீர் மாதிரி சிவந்தது. எண்ணெயில் போட்ட காஸ்டிக்கில் பெரும்பகுதி இறங்கி நின்றது அந்த அடியில்தான், கூடவே மீந்த ஸ்பிரிட்டும். கடையில் விற்கும் கிளிசரின் ஆக வேண்டுமானால் அமிலம் விட்டுக் காரத்தை முறிக்க வேண்டும், மேலே திரளும் சோப்பை வழிக்க வேண்டும், சூடேற்றி ஸ்பிரிட்டை ஓட்ட வேண்டும், அப்புறமும் வடித்தெடுக்க வேண்டும். இவ்வளவும் எனக்குப் பாடமாகத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அண்ணனின் இடது காது போயிற்று. அதோடு தலைசுற்றலும் வந்தது, நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வான். அடுத்த சீசனில் யார் சொல்லியும் கேட்காமல் ஒரே ஒரு தடவை இறங்கினான். தூக்கச் சொல்லிக் கயிற்றை ஆட்டாமலே இருக்கிறானே என்று மேலே இருந்தவர்கள் இழுத்துப் பார்த்தால், தலைகீழாக வந்தான். "மேல எது கீழ எதுன்னு தெரியலை" என்றான். அதோடு கடல் முடிந்தது. சங்குக் கொட்டகையில் தினக்கூலிக்குச் சேர்ந்தான். பலகையில் ஒரு துளை இருக்கும். அதில் நுழைந்து விழுகிற சங்கு சின்னது, கழித்துவிட வேண்டும். கூடக் குளித்தவர்கள் கொண்டுவந்த சங்கையெல்லாம் அந்தத் துளையில் வைத்து வைத்துப் பார்க்கும் வேலை. காக்கா இரண்டு தடவை வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் செய்து தரும்படி கேட்டார். நான் வெளியே வரவில்லை. மிச்சமிருந்த டின்னைக் கொல்லையில் கொட்டினேன்.

அம்மாவுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரியில் நான் சொன்ன கதைதான். அவள் மைனியைச் சும்மா விடவில்லை. சோறு குழைந்தால், குடம் நழுவினால், மழை வராவிட்டால்கூட, "கேக்காம கொள்ளாம ஊத்தி எம் மவன் காதை அவிச்சவ" என்று தொடங்கிவிடுவாள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. குழாயடியில் மைனி வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். அவள் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்குக் காலையில் டிபன் பாக்ஸில் சோறு வைத்துக் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. நான் அதை வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன், பிள்ளைகளுக்குக் காரத்தையும் அமிலத்தையும் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டு, பொய் சொன்னேன் சாமி என்று பொதுவாகச் சொன்னேன். எந்தப் பொய் என்று சாமியாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு தடவையும் அவசரமாகச் சிலுவை போட்டு எழுந்தேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் அம்மா இறந்தாள். கடைசி வாரத்தில்கூட மைனி கையால் கஞ்சி குடித்துவிட்டு அவளைத் திட்டினாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அண்ணன் முன்வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மைனி குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இனிமேலும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஆனால் இடது பக்கம். கேட்காத காதுக்குச் சொல்லிவிட்டுச் சொல்லியாயிற்று என்று எழுந்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. என் புத்தி அப்போதும் அப்படித்தான் வேலை செய்தது.

என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டான். "இங்கன வந்து சொல்லு" என்று வலது பக்கத்தைக் காட்டினான்.

எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மைனி என்னைக் கேட்டாள் என்று சொன்னேன், நான் தலையைத் தூக்காமல் அதேதான் என்று சொன்னதைச் சொன்னேன், தாளைக் கிழித்ததையும் சொன்னேன். அழுகையில் பாதி விழுங்கிப்போயிற்று. அவன் கடைசிவரை முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"தாளைக் கிழிச்சது எனக்குத் தெரியாது," என்றான். "மத்ததெல்லாம் தெரியும்."

"மைனி சொன்னாங்களா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? நான் இந்தா இங்கனதான பாயில படுத்திருந்தேன். அவ கேட்டதும் கேட்டுச்சு, நீ சொன்னதும் கேட்டுச்சு. அப்பம் எனக்கு ரெண்டு காதும் கேட்டுச்சுல்லா."

"அம்மாட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் போனேன். இவதான் கையப் பிடிச்சுக்கிட்டா. அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும், ஊத்துனது என் கைதான, இருந்துட்டுப் போவுதுன்னா." இடது காதைத் தடவிக்கொண்டான். "நாளைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டேதான் இருந்தோம்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மைனி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. நான் எழுந்து அவள் காலில் விழப் போனேன். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"சொல்லிட்டல்லா," என்றாள். "அத்தை இருக்கையில சொல்லியிருக்கலாம்."

அவள் குசினிக்குத் திரும்பிப் போய், மிச்சப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.